ஊரும் உணவும்: புகையில் வெந்த இறக்கை

காரைக்கால் என்றதும் நேயர்களுக்கு மாங்கனியின் நினைவு வரும். இறைவனே 'அம்மையே' என்று அழைத்த பெருமாட்டி பிறந்த ஊர் அது. அத்தகைய ஊரைப் பற்றி எழுதப் புகுந்து, கோழி இறக்கையைப் பற்றியா எழுதுவது என்று சிலர் முகஞ் சுளிக்கக் கூடும். சைவ நேயர்கள் பொறுத்தருள வேண்டுகிறோம். ஆயினும் அவர்களும் இப்பக்கத்தை உடனே புரட்டிவிட வேண்டுவதில்லை. கத்தரிக்காயைத் தணலில் சுட்டுக் கொத்சு செய்கிறவர்களுக்கும், குமுட்டியில் அப்பளம் வாட்டுகிறவர்களுக்கும் நாம் சொல்லப் போகும் விஷயம் ஓரளவு பொருந்தும்.

நேயர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "காரைக்காலில் இப்போது தெருவுக்குத் தெரு 'பார்பிக்யூ' என்று பலகை தொங்குகிறது. பிள்ளைகள் கோழி இறக்கை வேண்டுமென்று பிடிவாதம் செய்கிறார்கள். குடும்பத்தோடு சென்று நம்பி உண்ணத்தக்க நல்ல புகை இறக்கை எங்கே கிடைக்கும்?" கேள்வி சிறிதாகத் தோன்றினாலும், விடை காண நமக்குச் சில வாரங்கள் ஆயின. பாரதியார் வீதியிலும், திருநள்ளாறு சாலையிலும், கடற்கரைப் பக்கத்திலும், அரசலாற்றைக் கடந்து நாகூர் செல்லும் சாலையிலும் மாலை வேளைகளில் அலைந்து பார்த்தோம். கண்டதைக் கண்டபடி சொல்லுகிறோம்.

முதலில் பலகைகளைப் பார்ப்போம். ஒரு கடையில் 'அல்ஃபஹம்' என்று எழுதியிருக்கிறது. அரபு மொழியில் 'ஃபஹம்' என்றால் கரி, அவ்வளவுதான். அடுத்த கடையில் 'தந்தூரி'. தந்தூர் என்பது வடக்கே வழங்கும் களிமண் அடுப்பின் பெயர். மூன்றாவது கடையின் 'பார்பிக்யூ', கரீபியன் தீவுகளின் ஆதிக்குடிகள் இறைச்சியை வைத்து வாட்டிய மரப் பரணின் பெயரிலிருந்து பிறந்து, ஸ்பானியர் வாயிலாக உலகெங்கும் பரவியது. கரி, அடுப்பு, பரண் என்ற மூன்று சாதாரணப் பொருள்களே, பிறமொழி ஆடை உடுத்தி, மின்விளக்கு வெளிச்சத்தில் நம்மை அழைக்கின்றன!

நம்மிடம் இதற்குச் சொல் இல்லையா? இருக்கிறது. தணலில் வாட்டிய இறைச்சிக்குப் பழந்தமிழர் 'சூடு' என்றும் 'வாட்டு' என்றும் பெயரிட்டிருந்தார்கள். காரைக்காலுக்கு வடக்கே, இதே கடற்கரையில் உள்ள காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் கடல் இறாலைச் சுட்டுத் தின்றதைப் பட்டினப்பாலை கூறுகிறது. கரிகாற் சோழனின் விருந்தில் கம்பியில் கோத்து வாட்டிய கொழுத்த இறைச்சியைப் பொருநன் இரவும் பகலும் தின்று, உழுது தேய்ந்த கொழுப்போலப் பல் மழுங்கிப் போனதைப் பொருநராற்றுப்படை வேடிக்கையாகச் சொல்கிறது. பெரும்பாணாற்றுப்படையோ நம் பொருளுக்கு இன்னும் அருகில் வருகிறது. மருத நிலத்துப் பேரூரில் பாணனுக்குக் கிடைக்கும் விருந்து எது தெரியுமா? வெண்ணெல் சோறும், வீட்டில் வளர்ந்த பெட்டைக் கோழியின் வாட்டும்! ஆகவே காவிரிப் படுகையில் கோழியைத் தணலில் வாட்டி உண்பது நேற்று வந்த நாகரிகம் அன்று. பலகைதான் புதிது.

இனி இறக்கைக்கு வருவோம். கோழியின் மற்றப் பாகங்களை விட்டு இறக்கையைக் கேட்பானேன்? சமையற்காரனின் கைத்திறனைச் சோதிக்க அதைப்போன்ற உறுப்பு வேறில்லை. அதில் சதை கொஞ்சம், தோலும் தசைநாரும் அதிகம். தணல் மிஞ்சினால் சதை வறண்டு குச்சியாகிவிடும். தணல் போதாவிட்டால் தோல் ரப்பரைப்போல் இழுபடும். இரண்டுக்கும் நடுவே உள்ள வழி மிகக் குறுகியது. அமெரிக்காவில்கூட வெகு காலம் இறக்கையைச் சாறு காய்ச்சத்தான் உபயோகித்தார்கள். 1964-ம் வருஷத்தில் பஃபலோ நகரத்து 'ஆங்கர் பார்' உணவு விடுதியில் அதைப் பொரித்துக் காரக் குழம்பில் புரட்டிக் கொடுத்த பிறகுதான் அதற்கு மவுசு வந்தது என்பார்கள். ஆனால் அது எண்ணெயில் பொரித்தது. புகையில் வேகவைத்த கோழிக்குப் பெயர் பெற்றது அலபாமா மாகாணத்து டிகேட்டர் ஊர். 'பிக் பாப் கிப்சன்' என்பவர் தொடங்கிய கடையில் 1925 முதல் புகைக்கோழியை வினிகர் கலந்த வெள்ளைக் குழம்பில் தோய்த்துத் தருகிறார்கள். நம் ஊர்களில் இறக்கைக்கு நேர்ந்த கதியோ வேறு. சதையை எலும்பின் ஒரு முனைக்குச் சுருட்டி, செக்கச் செவேலென்று நிறமேற்றி, எண்ணெயில் பொரித்து, 'லாலிபாப்' என்று மிட்டாயின் பெயரைச் சூட்டிவிட்டார்கள்.

காரைக்காலில் நாம் பார்த்த கடைகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, கண்ணாடிப் பெட்டிக்குள் கோழி கம்பியில் சுழலும் கடை. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே எரிவது எரிவாயு; புகைக்கு அங்கே வேலையே இல்லை. புகை மணம் வேண்டுமென்று கேட்டோமானால், ஒரு கிண்ணத்தில் கரித்துண்டை வைத்து நெய் விட்டு, மூடி, ஐந்து நிமிஷத்தில் திறந்து கொடுக்கிறார்கள். வடநாட்டார் பருப்புக்கும் தயிருக்கும் கையாளும் முறை இது. பருப்புக்கு நன்றாகவே இருக்கும். இறக்கைக்கோ அத்தர் பூசியதுபோல் மேலோடு நின்றுவிடுகிறது. ஒரு கடையில் நமக்கு வைத்த இறக்கையைத் தொட்ட விரல் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிய பின்னும் சிவப்பாகவே இருந்தது. மிளகாய்க்கு அவ்வளவு பிடிவாதம் கிடையாது! கர்நாடக அரசாங்கத்தார் கபாப் மாதிரிகளைச் சோதித்ததில் 'சன்செட் யெல்லோ', 'கார்மோய்சின்' என்னும் செயற்கைச் சாயங்களைக் கண்டு, 2024-ம் வருஷம் ஜூன் மாதத்தில், கோழி, மீன் கபாப்களில் செயற்கை நிறம் சேர்ப்பதையே தடை செய்தார்கள். நம் குழந்தைகளின் வயிறும் அதே வயிறுதான் என்பதைப் பெற்றோர் நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டாம் வகை, வாசலில் இரும்புத் தட்டி போட்டு, கீழே கரி பரப்பி, விசிறியால் விசிறி வாட்டும் கடை. இதில் ருசி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இதையும் புகையில் வெந்தது என்று சொல்வதற்கில்லை. கரி என்பது தன் புகையை முன்பே விட்டுவிட்ட விறகு. விறகுக்கு மணம் தருவது அதிலுள்ள 'லிக்னின்' என்ற பொருள். அது வெந்து பிரியும்போதுதான் புகைக்கு நறுமணம் பிறக்கிறது. கரி சுடும்போதே அதன் பெரும்பகுதி போய்விடுகிறது. ஆகவே வெறுங் கரியில் எழும் புகை பெரும்பாலும் கோழியின் கொழுப்புத் தணலில் சொட்டி எழும் புகைதான். அந்தப் புகையும், சுவாலை பட்டுக் கருகிய தோலும் உடம்புக்கு நல்லவை அல்ல.

மூன்றாம் வகைக் கடைகள் மிகச் சில. பழைய எண்ணெய்ப் பீப்பாயை நெடுக்காக அறுத்து, கீல் வைத்து, மூடியாக்கியிருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் தணல். மறு பக்கத்தில் இறக்கை. நெருப்பு இறக்கையின் அடியில் இல்லை. மூடியபின் அனலும் புகையும் உள்ளே சுற்றி வந்து, மெல்ல மெல்ல வேகவைக்கின்றன. தணலின் மேல் காய்ந்த கட்டை இரண்டொன்றை வைக்கிறார்கள். நாம் பார்த்த இடத்தில் அந்தக் கட்டை சீமைக் கருவேலம். நேயர்கள் சிரிக்க வேண்டாம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்தார் இறைச்சி வாட்டுவதற்குப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் 'மெஸ்கீட்' மரம் நம் சீமைக் கருவேலத்தின் சொந்தச் சகோதரம். அங்கே அதை விலை கொடுத்து வாங்குகிறார்கள். இங்கே ஏரியையும் தரிசையும் பிடித்துக்கொண்டதென்று அதை வெட்டித் தள்ளுகிறோம். வெட்டியதை நன்றாகக் காயவைத்தால் அதற்கும் ஒரு நற்கதி கிடைக்கிறது.

நாகூர் சாலையில் அப்படி ஒரு பீப்பாயின் அருகே நாம் போய் நின்றபோது மணி ஆறரை. கடைக்காரர் வளைகுடா நாட்டில் பல வருஷம் அடுப்படியில் நின்று திரும்பியவர்.

"இன்னும் முக்கால் மணி ஆவும் சார். அவசரம்னா அந்தாண்ட கடையில சூடா இருக்கு, போய்ச் சாப்பிடுங்க" என்றார்.

"தணலைக் கொஞ்சம் கூட்டினால் சீக்கிரம் ஆகாதா?" என்று கேட்டோம்.

"கூட்டலாம் சார். மேலே கருகிடும், உள்ளே ரத்தம் நிக்கும். கோழிக்கு அவசரம் தெரியாது, நமக்குத்தான் அவசரம்" என்றார் அவர், மூடியைத் திறக்காமலே.

வரும் வாடிக்கைக்காரரை அடுத்த கடைக்கு அனுப்பத் துணிகிறவரிடம் நம்பிக்கை பிறக்காமல் என்ன செய்யும்? காத்திருந்தோம். இறக்கை வந்தது. தேன் நிறத்தில் இருந்தது, சிவப்பில்லை. தோல் பல் பட்டதும் விட்டுக் கொடுத்தது. எலும்பு இரண்டும் முறுக்கியவுடன் கழன்று வந்தன. மேல் தோலுக்கு அடியில் மெல்லிய ரோஜா நிறக் கோடு ஒன்று தெரிந்தது. அதைக் கண்டு பச்சை மாமிசம் என்று அஞ்ச வேண்டாம். புகையிலுள்ள வாயு தசையின் நிறப் பொருளோடு சேர்வதால் ஏற்படும் அடையாளம் அது. எலும்பை ஒட்டிய சதை வெந்திருக்கிறதா என்பதே பார்க்க வேண்டியது. உப்பு, மிளகு, பூண்டு, எலுமிச்சை இவற்றைத் தவிர வேறு மசாலா தெரியவில்லை. நேயரின் கேள்விக்கு நம் விடை இதுவே. ஆனால் கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. விளம்பரம் செய்வது இப்பத்தியின் வேலை அன்று. மேலும் கடைகள் கை மாறும், அடையாளங்கள் மாறா. மூடியுள்ள அடுப்பா, விறகு இருக்கிறதா, புகை மெல்லிய நீலமாகப் போகிறதா அல்லது வெள்ளையாகக் கண்ணைக் கரிக்கிறதா, காத்திருக்கச் சொல்லுகிறார்களா என்று பாருங்கள். நான்கும் சரியாக இருந்தால் உட்காருங்கள்.

உட்காருவதற்கு இடம் இருக்கிறதா என்பதுதான் அடுத்த சங்கடம். காரைக்காலுக்கு மாங்கனியைத் தவிர மற்றொரு கீர்த்தியும் உண்டு. மதுவை நாடி அண்டை மாவட்டங்களிலிருந்து இங்கே வருகிறவர்கள் பலர். அவர்களுக்குத் தொட்டுக்கொள்ளும் பண்டமாக இறக்கையை ஆக்கிவிட்டார்கள். நல்ல கைத்திறனுள்ள இரண்டு இடங்களைக் கண்டும், பெண்டு பிள்ளைகளோடு நுழைய முடியாத சூழ்நிலை கண்டு திரும்பினோம். போதை தலைக்கேறியவனுக்கு இறக்கை வெந்ததா வேகவில்லையா என்பது தெரியப் போவதில்லை. ஆகவே அங்கே நாளடைவில் கைத்திறனும் குன்றிவிடும். குடும்பங்கள் வந்து கேட்டுக் குறை சொல்லி உண்ணும் இடத்தில்தான் எந்தத் தொழிலும் உயரும்.

இன்னொரு விஷயம். இடையில் ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்த காலங்கள் நீங்கலாக, 1739 முதல் 1954 வரை காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பிரெஞ்சு மொழியில் புகையிட்டு வாட்டிய இறைச்சிக்கு 'பூக்கானே' என்று பெயர். பிரேசில் நாட்டு ஆதிக்குடிகளின் சொல் அது. கரீபியன் தீவுகளில் அப்படி இறைச்சி வாட்டிப் பிழைத்தவர்கள் பிறகு கடற்கொள்ளையில் இறங்கவே, கொள்ளைக்காரர்களுக்கே அப்பெயர் நிலைத்துவிட்டது. அத்தீவுகளுள் மார்த்தினிக், குவாதலூப் இரண்டும் இன்றும் பிரெஞ்சுக்காரரிடம் இருக்கின்றன. அங்கே பெயர் பெற்ற பண்டம் 'பூலே பூக்கானே', அதாவது புகைக்கோழி. அதற்குப் புகை எதனால் தெரியுமா? கரும்பினால்! கரும்புத் தண்டையும் சக்கையையும் தணலில் இட்டு, அந்த இனிய புகையில் கோழியை வாட்டுகிறார்கள்.

அந்தக் கரும்பு யார் வெட்டிய கரும்பு? 1848-ம் வருஷத்தில் பிரெஞ்சுத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்தபின், தோட்ட முதலாளிகள் கூலிக்கு ஆள் தேடி இந்தியாவின் பக்கம் திரும்பினார்கள். 1853-ம் வருஷம் மே மாதம் 6-ந் தேதி 'ஓரேலி' என்னும் கப்பல் நம்மவரை ஏற்றிக்கொண்டு மார்த்தினிக்கின் சேன்-பியேர் துறையை அடைந்தது. 1854-ம் வருஷக் கடைசியில் அதே கப்பல் குவாதலூப்புக்கும் ஆட்களைக் கொண்டு சென்றது. அதன்பின் முப்பது வருஷங்களுக்கு மேல், மார்த்தினிக்குக்கு 25,000 பேருக்கு அதிகமாகவும், குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேரும் போனார்கள். அந்த ஆள் ஏற்றுமதிக்குப் புதுச்சேரியும் காரைக்காலும் முக்கியத் துறைகள். ஐந்து வருஷ ஒப்பந்தம் என்று சொல்லித்தான் அழைத்துப் போனார்கள். திரும்பி வந்தவர் சிலர். வராதவர் மிகப் பலர்.

அவர்களுடைய மொழி அங்கே வீடுகளில் தேய்ந்து போயிற்று. நாக்கின் நினைவு மட்டும் போகவில்லை. மல்லி, சீரகம், கடுகு, வெந்தயம், மஞ்சள் சேர்த்து அரைத்த பொடியும், அதிட்ட கறியும் அத்தீவுகளில் 'கொலோம்போ' என்ற பெயரால் இன்றும் வழங்குகின்றன. கொழும்பு நகரின் பெயர் அது என்பார் உண்டு. நம் குழம்புதான் அப்படித் திரிந்தது என்பாரும் உண்டு. குவாதலூப்பில் பிறந்த ஆன்றி சிதம்பரம் என்பவர், இந்திய வம்சத்தாருக்கும் வாக்குரிமை வேண்டுமென்று 1904 முதல் வழக்காடி 1923-ல் வெற்றி கண்டார். கடல் கடந்து போன நம்மவர் ருசியையும் விடவில்லை, மானத்தையும் விடவில்லை. காரைக்காலின் கடற்கரையில் மாலைக் காற்று வாங்கும் நாம் அவர்களை எத்தனை முறை நினைக்கிறோம்?

ஆகவே ஒரு யோசனை சொல்லத் துணிகிறோம். கரும்புச்சாறு பிழியும் வண்டிகள் நம் ஊரில் எங்கும் உள்ளன. பிழிந்த சக்கை குப்பைக்குப் போகிறது. அதை நான்கு நாள் வெயிலில் உலர்த்தி, பீப்பாய் அடுப்புக்காரர்கள் தணலில் இட்டுப் பார்க்கலாகாதா? மிளகும் மல்லியும் சேர்த்து, கரும்புப் புகையில் வாட்டிய இறக்கைக்குக் 'காரைக்கால் வாட்டு' என்றே பெயரிடலாம். பிறர் பலகையை இரவல் வாங்க வேண்டிய அவசியம் இராது. நாம் வீட்டு மாடியிலேயே செய்து பார்த்தோம். புகை இனிமையாகவும், நிறம் தானே பொன்னாகவும் வந்தது.

செய்ய விரும்புவோருக்கு முறை இது: ஒரு கிலோ இறக்கைக்கு உப்பு மூன்று தேக்கரண்டி, மிளகு, மல்லி, பூண்டு, மஞ்சள் அளவாக, எலுமிச்சை ஒன்று. புரட்டி, மூடாமல், குளிர்ப் பெட்டியின் அடித்தட்டில் ஒரு பெரிய தட்டில் பரப்பி ஓர் இரவு வைத்தால் தோல் உலரும். உலர்ந்த தோல்தான் பிறகு மொறுமொறுக்கும். மறுநாள் மூடியுள்ள அடுப்பில் தணலை ஒரு பக்கம் ஒதுக்கி, சக்கையைக் கைப்பிடி கைப்பிடியாக இட்டு, இறக்கையை மறு பக்கம் அடுக்கி மூட வேண்டும். உள்ளே 120 பாகை சென்டிகிரேடு அளவில் ஒரு மணி நேரம் போகட்டும். கடைசி ஐந்து நிமிஷம் மட்டும் தணலுக்கு நேரே காட்டினால் தோல் முறுகும். எலும்பருகே சதையின் வெப்பம் 74 பாகைக்குக் குறையலாகாது. இறக்கைக்கு 80-ஐத் தாண்டினால்தான் தசைநார் இளகும். முக்கியமாக ஒன்று: கரியடுப்பைக் கதவடைத்த அறைக்குள் ஒருபோதும் வைக்கக் கூடாது. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்ஸைடு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குகிறவர்களை எழுப்பாமலே கொன்றுவிடும்.

ருசியாக இருக்கிறதென்று நாள்தோறும் உண்ணவும் வேண்டாம். உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2015-ல், உப்பிட்டும் புகையிட்டும் பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று முடிவு கூறியிருக்கிறார்கள். விருந்து விருந்தாக இருக்கும் வரையில்தான் அதற்கு மதிப்பு.

நம் கேள்விக்கார நேயர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு புறப்படட்டும். பீப்பாயின் பக்கத்தில் நிற்கும் முக்கால் மணி நேரத்தில், இந்தக் கடலைக் கடந்து கரும்பு வெட்டப் போனவர்களின் கதையை அவர்களுக்குச் சொல்லட்டும். காத்திருப்பது கடினமாகத் தோன்றாது. மற்ற நேயர்கள் தத்தம் ஊர்களில் விறகும் மூடியும் உள்ள அடுப்பை எங்கேனும் கண்டால், தெருவின் பெயரோடு நமக்கு எழுதட்டும். போய்ப் பார்த்து இப்பத்தியிலேயே சொல்லுகிறோம்.